லாத்தாவின் சிவப்புப் பீங்கான்

ஒரு பீங்கான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் வருவது எவ்வளவு பெரிய வேதனை என்பது வந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். தட்டைச் சுற்றி லாத்தாவின் பழைய வெள்ளைத் துப்பட்டி. அதற்கு மேல் ஒரு குளியல் துண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வொயர்க்கூடைக்குள் வைத்து, கூடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முதுகெலும்பு அதிர்ந்தது. கூடை மட்டும் அதிராமல் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் புதுச்சத்திரம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் முடியாமல் கேட்டேவிட்டார்.

"என்னா பாய், கேக்கா?"

"தட்டு."

"தட்டுக்கா இம்மாம் பந்தோபஸ்து?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. சர்க்கரை இருக்கிறது, முட்டிவலி இருக்கிறது, பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் குடும்பக் கதை சொல்லும் தெம்பு மட்டும் இல்லை.

கதையை இப்போது சொல்லிவிடுகிறேன். லாத்தா என்றால் எங்கள் வீட்டில் அக்கா. சிதம்பரத்தில் வாப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறாள். மச்சான் மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு அங்கே வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் ஃபைல்களை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்த்தும் உத்தியோகத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் லாத்தாவுக்கு மாத்திரை, காய்கறி வாங்கிக்கொண்டு சிதம்பரம் போவேன். சாயங்காலம் திரும்பி வந்து படுத்தால் திங்கட்கிழமை விடிந்துவிடும். எனக்குக் கீழே ஒரு தம்பி. சிங்கப்பூரில் இருக்கிறான். நல்லவன்தான். நல்லவர்களோடு சண்டை போடுவதுதான் உலகத்திலேயே அலுப்பான வேலை.

தட்டு, வாப்பாவின் வாப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. அங்கே அவருக்குக் கடை இருந்தது. பக்கத்துக் கடைச் சீனர் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்தார் என்று ஒரு கதை, ஏதோ ஒரு சாமானுக்குப் பதிலாகப் பிடிவாதமாக வாங்கிக்கொண்டார் என்று இன்னொரு கதை. வீட்டில் யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். தட்டு மட்டும் மாறவில்லை. ஒரு சாண் அகலம். உள்ளே பால் வெள்ளை. வெளியே சிவப்பு. பெயிண்ட் அடித்த சிவப்பு இல்லை, ஆழமான சிவப்பு. கோழி அறுத்த கையோடு அலசின தண்ணீர் மாதிரி இருக்கும் என்று சின்ன வயதில் நான் சொல்லி உம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். விளிம்பில் மட்டும் சிவப்பு நின்றுபோய், நூல் பிடித்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஓடும்.

எங்கள் பக்கத்தில் பீங்கான் எழுதிக் குடிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. குங்குமப்பூவைப் பன்னீரில் ஊறவைத்து, சீவின மூங்கில் குச்சியால் அதைத் தொட்டு, வெள்ளைப் பீங்கானில் குர்ஆன் ஆயத்துகளை, அதாவது வசனங்களை, எழுதுவார்கள். எழுத்து காய்ந்ததும் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடிக்க வேண்டும். காய்ச்சலுக்குக் குடிப்பார்கள், பயந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைத்தாய்ச்சிகள் குடிப்பார்கள். வழக்கமாக இதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்மார்கள் எழுதுவார்கள். பெண்களுக்குப் பெண் எழுதினால் கூச்சம் இல்லாமல் இருக்கும் என்று எங்கள் உம்மாவிடம் வர ஆரம்பித்தார்கள். உம்மாவுக்குப் பிறகு லாத்தாவிடம். வெள்ளிக்கிழமை காலையில் அந்த வீட்டு வாசலில் செருப்பு கிடக்காமல் நான் பார்த்ததில்லை.

லாத்தாவுக்கு அது என்ன என்று நான் சொல்லியாக வேண்டும். பிள்ளை பெறாத பெண்ணை எங்கள் ஊரில் யாரும் மோசமாகப் பேசமாட்டார்கள். கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான். வளைகாப்பு மாதிரி எங்களிடமும் ஏழாம் மாசத்தில் ஒரு விசேஷம் உண்டு. அதற்கெல்லாம் லாத்தாவுக்குச் சொல்லிவிட மறந்துவிடுவார்கள். சாப்பாடு மட்டும் தூக்குவாளியில் வந்துவிடும். அதே பெண்கள்தான் வெள்ளிக்கிழமை வயிற்றைத் தள்ளிக்கொண்டு லாத்தாவைத் தேடி வருவார்கள். உட்காருவார்கள். புருஷனைப் பற்றி, மாமியாரைப் பற்றி, வாந்தியைப் பற்றி எல்லாம் பேசுவார்கள். பிள்ளை பிறந்ததும் தூக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் போடுவார்கள். அந்தத் தட்டு இல்லையென்றால் அந்த வாசலுக்கு ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன், மற்ற நாளில் கேஸ் சிலிண்டர்காரன் வருவான்.

தம்பிக்கு இது பிடிக்காது. சிங்கப்பூர் போன பிறகு மார்க்க விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பாகிவிட்டான். எழுத்தைக் கரைத்துக் குடிப்பதெல்லாம் மார்க்கத்தில் இல்லை, லாத்தா, விட்டுடு என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பான். லாத்தா, சரிப்பா சரிப்பா என்பாள். வெள்ளிக்கிழமை எழுதுவாள். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு நாள் அவன் ஒரு வீடியோ அனுப்பினான். ஹாங்காங்கில் ஏலம். கோட்டு போட்ட ஒருவர் சுத்தியலைத் தட்டுகிறார். மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிவப்புத் தட்டு. அச்சு அசல் எங்கள் தட்டு. சீன ராஜா வீட்டுத் தட்டாம். வாங்கியவன் மயக்கம் போட்டு விழாமல் எப்படி நின்றான் என்று நினைக்கும்படி ஒரு விலை.

"நானா, பாத்தீங்களா? நம்ம தட்டு."

எங்களில் அண்ணனை நானா என்போம். நான் பார்த்தேன் என்றேன்.

"யாராவது விஷயம் தெரிஞ்சவுங்ககிட்ட காட்டுங்க. நெஜமா இருந்தா வித்துடலாம். லாத்தாவ நல்ல எடத்துல, என்கூடவே கூட்டிட்டு வந்து வெச்சிக்கிறேன். அவளும் அந்த எழுதுற வேலைய விட்ட மாதிரி இருக்கும்."

"அவளக் கேக்க வேணாமா?"

"நீங்க சொன்னா கேட்டுப்பா."

எல்லோரும் இப்படித்தான். நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள் என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். யார் சொல்லுவது என்பதுதான் இங்கே கேள்வியே. அந்த ஞாயிற்றுக்கிழமை லாத்தாவிடம் சொன்னேன். விற்கத்தான் கேட்கிறான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். வாப்பா வீட்டுச் சாமான், மூன்று பேருக்கும் பாத்தியதை உண்டு, அவளுக்கு அது தெரியும்.

"காட்டிட்டுக் கொண்டாருவியா?"

"கொண்டாருவேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாந்துடு தம்பி. பரங்கிப்பேட்டைலேர்ந்து ஒரு புள்ள வருது. ரெண்டு தடவ தங்காமப் போயிடுச்சாம். பயந்து போயிருக்கு."

துப்பட்டியை அவளே சுற்றினாள். சுற்றின கை கொஞ்சம் நடுங்கியது. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் ஒரு பெரியவர் இருக்கிறார். ஏதோ ஒரு அருங்காட்சியகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் கடற்கரை மணலில் கிடைக்கும் சீனப் பீங்கான் சில்லுகளைப் பொறுக்கிப் பொறுக்கி, கழுவிக் கழுவி ஆயுளைக் கழித்தவர். அலுவலக நண்பர் ஒருவர் மூலம் பழக்கம். வியாழக்கிழமை மத்தியானம் பெர்மிஷன் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். தம்பி வீடியோ காலில் வந்தான். போனை அவர் மேசையில் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்தேன்.

அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். மேசையில் மடித்த போர்வையை விரித்தார். தட்டைப் பிரித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். விளிம்பு வெள்ளைக் கோட்டை நகத்தால் மெதுவாகத் தொட்டார்.

"இந்தச் சிவப்பு இருக்கு பாருங்க, செம்புலேர்ந்து வர்றது. சூளைல தீ கொஞ்சம் பிசகினாப் போச்சு. ஈரல் கலரா வரும், இல்ல நிறமே இல்லாம வெளுத்துடும். நெருப்புல இது மேலேர்ந்து உருகி இறங்கும். அதனாலதான் விளிம்பு மட்டும் வெள்ளையா நிக்குது. இதையெல்லாம் சும்மா பண்ண முடியாது. அரண்மனைச் சூளைல ஒண்ணு நல்லா வர்றதுக்கு எத்தனையோ வீணாப் போகும். வீணானத உடைச்சிப் புதைச்சிடுவாங்க."

"அப்போ நெஜம்தான் சார்?" என்றான் தம்பி, ஜக்கிலிருந்து.

"இருங்க தம்பி. அடிய பாக்கணும். அடில நீலத்துல எழுத்து போட்டிருப்பான்."

தட்டைத் திருப்பினார். அவ்வளவுதான், அப்படியே நின்றுவிட்டார்.

அடியில் எழுத்து இல்லை. எழுத்து இருந்த இடம் சொரசொரவென்று வெளுத்துக் கிடந்தது. எனக்கு அது புதிதில்லை. நாங்கள் பிறப்பதற்கு முன்பே அது அப்படித்தான். எங்கள் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். உம்மா கல்யாணமாகி வந்த புதிதில் அந்தத் தட்டை எடுத்து எழுதலாம் என்று பார்த்திருக்கிறார்கள். அடியில் என்னவோ எழுத்து. என்ன எழுத்து என்று சொல்ல ஆளில்லை. ஏதாவது சாமி பேராக இருந்தால்? அதன் மேல் அல்லாஹ்வின் வசனத்தை எழுதலாமா? தெருவில் கத்தி, கத்தரிக்கோல் சாணை பிடிக்கிறவர் வந்தபோது கூப்பிட்டு, தட்டைக் கொடுத்து, அந்த எழுத்தை மொத்தமாக வழித்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். சாணைக்காரர் பயந்துகொண்டே செய்தாராம், தட்டு விரியாமல் வந்ததே ஒரு பரக்கத்து என்பார்கள் உம்மா.

"யாருங்க பண்ணது இத?" என்று கேட்டார் பெரியவர்.

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"சாமி பேரு இல்லீங்க அது. ராஜா பேரு. இன்ன ராஜா காலத்துல செஞ்சதுன்னு ஆறு எழுத்து. அவ்ளோதான். அந்த ஆறு எழுத்துதான் இதோட பர்த் சர்டிபிகேட்."

சர்டிபிகேட் இல்லாத கேஸ் என்ன கதிக்கு ஆளாகும் என்று எனக்குச் சொல்ல வேண்டுமா? என் உத்தியோகமே அதுதான். ஆள் எதிரே உயிரோடு நிற்பார். பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை என்று நாங்கள் திருப்பி அனுப்புவோம்.

"விக்க முடியாதா சார்?"

"முடியாது தம்பி. எனக்குப் பார்த்தா நல்ல சாமானாத்தான் தெரியுது. ஆனா நான் சொன்னா யாரு கேப்பா? வாங்குறவன் திருப்பிப் பார்ப்பான். போலி எழுத்த மறைக்கத்தான் சொரண்டியிருக்கான்னு சொல்லிட்டுப் போயிடுவான். உங்க அம்மா எதுக்குப் பண்ணாங்கன்னு ஹாங்காங்ல போய் நாம சொல்லவா முடியும்?"

தம்பி இன்னொரு தடவை அடியைக் காட்டச் சொல்லிப் பார்த்தான். பிறகு, "சரி நானா, விடுங்க. லாத்தாகிட்டயே இருந்துட்டுப் போவுது," என்றான். ஏமாற்றம்தான், ஆனாலும் நல்ல மனசோடு சொன்னான். எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷத்தில் அந்தப் பெரியவர் வீட்டு பிஸ்கட்டை, சர்க்கரையையும் மறந்து, எடுத்துத் தின்றேன்.

அதோடு கிளம்பியிருக்க வேண்டும். டீ வந்துவிட்டது. பெரியவருக்கு எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். சும்மா அனுப்ப மனசில்லாமல், ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல ஆரம்பித்தார்.

"வெல இல்லேன்னு வருத்தப்படாதீங்க. இது சாப்பாட்டுத் தட்டாக்கூட இல்லாம இருக்கலாம். சீன ராஜாங்க நாலு பீடம் கட்டிக் கும்பிட்டாங்க. ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு நிறம். வானத்துக்கு நீலம். பூமிக்கு மஞ்சள். நிலாவுக்கு வெள்ள. சூரியனுக்குச் சிவப்பு. இந்த மாதிரி சிவப்புத் தட்டுலதான் சூரியனுக்குப் படையல் வெப்பாங்க. இதுவும் அப்படி இருந்த தட்டா இருக்கலாம். எவ்ளோ பெரிய விஷயம் பாருங்க."

அவர் மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். ஜக்கில் சாய்ந்திருந்த போனைப் பார்த்தேன். தம்பி இன்னும் லைனில்தான் இருந்தான்.

எழுத்தில் சாமி இருக்குமோ என்று பயந்து, அந்த எழுத்தை வழித்து எடுத்தார்கள் உம்மா. எழுத்தில் இருந்தது வெறும் ராஜா. சாமி இருந்தது சிவப்பில். அதைச் சுத்தம் என்று நம்பி, இத்தனை வருஷம், இத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய விஷயம். வரவில்லை.

மைதானத்து ஓரம் நடந்து வரும்போதே போன் அடித்தது.

"நானா, கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"அத லாத்தாகிட்ட குடுக்காதீங்க. அந்த சார்கிட்டயே குடுத்துடுங்க, ஏதாவது மியூசியத்துல வெச்சிக்கட்டும். சூரியனக் கும்புட்ட தட்டு நானா. அதுல ஆயத்து எழுதி… அல்லாஹ்."

"இருக்கலாம்னுதான சொன்னாரு?"

"சந்தேகமா இருந்தாலே விட்டுடணும்."

"நாளைக்கு ஒரு புள்ள வருதுடா. லாத்தா காத்திட்டிருப்பா."

"அந்தப் புள்ளைக்காகத்தான் சொல்றேன்."

மைதானத்தில் யாரோ கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. எத்தனை வருஷமாக இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் கேட் கீப்பர் மாதிரி நிற்கிறேன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவள் கை நடுங்கியதையும் நான் பார்த்தேன். சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். கூடையோடு காலையில் முதல் ஆளாக பஸ் ஏறினேன். முதுநகர் தாண்டியதும் போனை எடுத்துப் பார்த்தால், குடும்ப குரூப்பில் தம்பியின் குரல் செய்தி. விடியற்காலையிலேயே போட்டிருக்கிறான். காதில் வைத்துக் கேட்டேன். அழுதிருக்கிறான். நம் வீட்டில் இருந்த சிவப்புத் தட்டு சூரியனுக்குப் படையல் வைத்த தட்டு, இதுவரை அதில் எழுதிக் குடித்தவர்கள் தெரியாமல் குடித்தார்கள், அதற்குக் குற்றமில்லை, இனிமேல் யாரும் குடிக்க வேண்டாம், உம்மாவை அல்லாஹ் மன்னிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். ‘இருக்கலாம்’ என்று பெரியவர் சொன்ன வார்த்தை கடலூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது.

அடப்பாவி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அந்த குரூப்பில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமா இருக்கிறோம்? சிதம்பரத்தில் பாதிச் சொந்தமும் பரங்கிப்பேட்டையில் மீதிச் சொந்தமும் அதில்தான் இருக்கிறது. லாத்தாவிடம் பட்டன் போன்தான். அவள் ஒருத்திதான் அதில் இல்லை.

நான் போனபோது வாசல் கதவு திறந்திருந்தது. பாய் விரித்திருந்தாள். கிண்ணத்தில் குங்குமப்பூ ஊறிக்கொண்டிருந்தது. லாத்தா குளித்து, வெள்ளைத் துப்பட்டி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எதிர் வீட்டு மாமி வந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"குடு," என்று கையை நீட்டினாள்.

"லாத்தா, அந்த சார் என்னா சொன்னாருன்னா…"

"கேட்டேன்."

"இருக்கலாம்னுதான் சொன்னாரு. இவன் நிச்சயமா இருந்த மாதிரி பேசிட்டான்."

"இருந்தாத்தான் என்னா. சூரியன படச்சது யாரு?" தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். "உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு தெரியல. நான் ஒவ்வொரு தடவையும் கழுவிட்டுத்தான எழுதறேன்."

தேய்த்துக் கழுவினாள். சிவப்பில் வெயில் பட்டது. துணியால் துடைத்து, பாயில் தன் முன்னால் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பரங்கிப்பேட்டைப் பெண் வரவில்லை. பத்து மணிக்கு மேல் அவள் மாமியார் போன் செய்தார். பிள்ளைக்கு அசதியாக இருக்கிறதாம், இன்னொரு நாள் பார்க்கலாமாம். லாத்தா, அதுக்கென்னம்மா, ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, நான் துஆ செய்றேன் என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு மறுபடியும் வாசலைப் பார்த்தாள். தெருவில் பெண்கள் போகத்தான் செய்தார்கள். ஒரு பெண் எட்டாம் மாச வயிற்றோடு போனாள். போன வாரம் இந்தப் பாயில் உட்கார்ந்து குடித்தவளாம். எங்கள் வாசல் வந்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகை முடிந்து செருப்பு மாட்டும்போது தெரிந்த ஒருவர் தோளில் கை போட்டார். "தம்பி சொன்னதக் கேட்டோம். நல்ல வேள, இப்பவாவது தெரிஞ்சுதே," என்றார். உங்க வூட்ல மூணு புள்ளைக்கும் எங்க லாத்தாகிட்டதான வந்து குடிச்சீங்க, அதுங்க நல்லாத்தான இருக்குது என்று கேட்டேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். சத்தமாகத்தான் கேட்டிருக்கிறேன் போல. சுற்றி நின்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். கேட்டும் மனசு ஆறவில்லை. களைப்புதான் கூடியது.

திரும்பி வந்தபோது வாசலில் என் செருப்பைத் தவிர வேறு செருப்பு இல்லை. லாத்தா அப்படியே உட்கார்ந்திருந்தாள். குங்குமப்பூத் தண்ணீர் நன்றாக மஞ்சளாகியிருந்தது.

"சாப்புடலாமா லாத்தா?"

"ஒக்காரு."

நாற்காலியை இழுத்தேன். வேண்டாம், கீழே உட்கார் என்று பாயைக் காட்டினாள். முட்டி மடங்காமல், சுவரைப் பிடித்து, முனகிக்கொண்டே உட்கார்ந்தேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்க்கிற மாதிரி, கண்ணை, முகத்தை, கையை.

"உனக்கு என்னா செய்யுது?"

கடைசியாக யார் என்னிடம் இதைக் கேட்டார்கள் என்று யோசித்தேன். சர்க்கரை எவ்வளவு என்று கேட்பார்கள். ஃபைல் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். நீங்க சொன்னா கேப்பா நானா என்பார்கள்.

"அசதியா இருக்கு லாத்தா," என்றேன். "எப்பப் பாத்தாலும் அசதியா இருக்கு. தூங்கி எழுந்தாலும் போவ மாட்டேங்குது." இந்த வயதில் அக்காவின் முன்னால் உட்கார்ந்து அழுவது ஒரு வெட்கம். அழுதேன்.

அவள் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி, குச்சியைத் தொட்டு, வெள்ளையில் எழுத ஆரம்பித்தாள். அவள் எழுதுவதை நான் இவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. கை கொஞ்சமும் நடுங்கவில்லை. வரி வரியாக, விளிம்பு வரைக்கும் எழுதினாள். காயும்வரை காத்திருந்தாள். தண்ணீர் ஊற்றி, தட்டை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கரைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

இதையெல்லாம் நான் நம்புகிறேனா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. தம்பி சொல்வது சரியா என்று கேட்டால், அதுவும் தெரியாது. மூன்று மடக்கில் குடித்தேன். பன்னீர் வாசம். லேசான கசப்பு.

லாத்தா டம்ளரை வாங்கி வைத்தாள். தட்டைத் துடைத்துத் துப்பட்டியில் சுற்றப் போனவள், சுற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாராச்சும் வந்து குடிச்சாத்தான தம்பி நான் எழுத முடியும்," என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அதை அவள் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கென்று அவள் வாயால் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மச்சான் மௌத்தானபோதுகூட, என்கூட இங்கேயே இரு என்று கேட்கவில்லை.

"நாளைக்கும் வருவியா?"

மறுநாள் சனிக்கிழமை. யாருக்காகவும் எங்கேயும் போகாமல் ஒரு நாள் முழுக்கத் தூங்கவேண்டும் என்று வாரம் பூராவும் நான் எடுத்து வைத்திருந்த நாள்.

"வரேன் லாத்தா," என்றேன்.